வாலஸ் ஏறிய மலை

பிடோக்கில் எங்கள் புளோக்கின் பன்னிரண்டு மாடிகளையும் தினமும் ஏறி இறங்கிய தைரியத்தில் ஜாவாவின் கெடே எரிமலைக்குப் போனேன். உயரம் 2,958 மீட்டர். உள்ளூர் வழிகாட்டி என் பையையும் சுமந்துகொண்டு முன்னே நடந்தார். எனக்கு மூச்சு வாங்கியது.

1861இல் இதே மலையிலும் பக்கத்துப் பங்ராங்கோவிலும் ஏறியவர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ். 1823இல் வேல்ஸில் பிறந்தவர்; வசதியின்றிப் பதினான்கு வயதில் பள்ளியை விட்டவர். அமேசானில் நான்காண்டுகள் சேர்த்தவற்றில் பெரும்பகுதி 1852இல் கப்பலோடு எரிந்தது. வேறு யாராக இருந்தாலும் வீட்டோடு முடங்கியிருப்பார்கள். அவரோ 1854இல் சிங்கப்பூர் வந்து, நம் புக்கிட் தீமா காட்டில் வண்டு பிடித்தார்! 1858இல் எரிமலைத் தீவான தெர்னாத்தேயிலிருந்து இயற்கைத் தேர்வு பற்றிய கட்டுரையை டார்வினுக்கு அனுப்பினார். ஜாவா மலையுச்சியில் ஐரோப்பியச் செடிகளின் உறவுகளைக் கண்டு, குளிர்நாட்டுச் செடி வெப்பநாட்டுச் சிகரத்துக்கு எப்படி வந்தது என்று யோசித்தார். 1913இல் மறைந்தார்.

1855 முதல் அவருக்குத் துணை, சரவாக்கைச் சேர்ந்த அலி என்ற மலாய் இளைஞர். சமைத்தார், பறவை சுட்டார், தோலுரித்துப் பதப்படுத்தினார். பச்சான் தீவில் அலி சுட்டுக் கொண்டுவந்த புதுப் பறவைக்கு வாலஸின் பெயரே அமைந்தது. ஆனால் 1862இல் சிங்கப்பூரில் பிரியுமுன் வாலஸ் அலியைப் படமெடுக்கச் செய்தார். 1905இல் வந்த தன்வரலாற்றில் அந்தப் படத்தைப் பெயரோடு வெளியிட்டார்.

கெடே உச்சியில் எடுத்த படம் என்னிடமும் இருக்கிறது. அடியில் நானும் வழிகாட்டியும் என்று எழுதியிருக்கிறேன். அவர் பெயரை நான் கேட்கவேயில்லை.