புதுக்கோட்டை ஈன்ற டாக்டர் முத்துலட்சுமி அம்மையார்



சித்தன்னவாசல் குகைக்கோயிலைக் காண வருவோர், தாமரைக் குளம் தீட்டப்பட்ட விதானத்தை அண்ணாந்து பார்த்த பின், முன்புறத் தூண்களில் ஆடும் நிலையில் காணப்படும் மகளிரின் ஓவியங்களுக்கு முன் சற்று நின்றுவிடுவதுண்டு. ஆடலையும் பாடலையும் குலத்தொழிலாகக் கொண்டு, கோயில்களைச் சார்ந்து வாழ்ந்த பெண்குலம் ஒன்று பிற்காலத்தில் தமிழகமெங்கும் இருந்தது. அக்குலத்தைச் சேர்ந்த சந்திரம்மாள் என்னும் தாய்க்கு, சித்தன்னவாசலிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புதுக்கோட்டையில், 1886 ஜூலை 30 அன்று பிறந்தவரே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. இந்தியாவின் தொடக்ககாலப் பெண் மருத்துவர்களுள் ஒருவர் என்று நம் பிள்ளைகள் அவரை அறிந்திருக்கிறார்கள். ஆனால் அவர் பிறந்த குலத்தின் உறவுமுறையை அறியாமல் அவருடைய வாழ்க்கையை முழுமையாக விளங்கிக்கொள்ள இயலாது.

பாகப்பிரிவினை பற்றி விளக்கம் கேட்டு வருவோரிடம் நாம் முதலில் கேட்பது தந்தை யார், தந்தையின் உடன்பிறந்தார் எத்தனை பேர் என்பதாகும். அக்குலத்திலோ முதற்கேள்வி, தாய் யார் என்பதே. கோயிலுக்கென்று பொட்டுக்கட்டப்பட்ட பெண் மணம் முடிப்பதில்லை. அவள் பெற்ற மக்கள் தாயின் குடும்பத்தையே சேர்வர். வீடும் நகையும் தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும். பெண்மக்கள் இல்லாதவள் ஒரு பெண்குழந்தையைத் தத்தெடுத்துக்கொள்வாள். ஆண்மகனைத் தத்தெடுப்பதே இந்து சட்டத்தில் முறையாயிருந்த அக்காலத்தில் இது ஒரு புதுமை. கோயில் ஊழியத்திற்கென விடப்பட்ட மானிய நிலமும் அந்த ஊழியத்தோடு சேர்ந்தே வந்தது. ஊழியம் நின்றால் நிலமும் நின்றுவிடும். அக்குலத்து ஆண்கள் நட்டுவாங்கமும் நாகசுரமும் பயின்றனர். அவர்களுக்கு மனைவியராய் வந்த பெண்களுக்கோ பொட்டுக்கட்டுவதில்லை. ஆக, ஒரே கூரையின் கீழ் மணம் முடித்த பெண்களும், முடிக்கவே கூடாத பெண்களும் வாழ்ந்தனர்.

தாய்வழியை முதன்மையாகக் கொள்ளும் வழக்கம் வேறிடங்களிலும் உண்டு. கேரளத்தின் மருமக்கத்தாயம் யாவரும் அறிந்ததே. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மாப்பிள்ளை பெண்வீட்டுக்குச் சென்று வாழும் வழக்கத்தை நாம் கண்டிருக்கிறோம். ஆனால் அங்கெல்லாம் திருமணம் உண்டு. தந்தை இன்னார் என்று சபையில் சொல்லவும் தடையில்லை. இங்கே அதுதான் இல்லை. அதன் பாரத்தைச் சுமந்தவை குழந்தைகள்.

முத்துலட்சுமியின் தந்தை நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர், பிராமண குலத்தவர். சந்திரம்மாளுடன் அவர் வாழ்ந்த காரணத்தால் அவருடைய உறவினர் அவரை விலக்கி வைத்தனர். மகள் தந்தையின் குலத்திலும் சேரவில்லை. தாயின் குலவழக்கப்படி வாழவும் அவர் ஒருப்படவில்லை. பெண் பருவம் எய்தியதும் பள்ளிக்கூடம் நிறுத்தப்பட்டது. தாயார் மாப்பிள்ளை தேடத் தொடங்கினார். தந்தையோ வீட்டிலேயே கல்வி புகட்ட ஏற்பாடு செய்தார். 1902-இல் மெட்ரிகுலேஷன் தேறிய அவர், மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்புக் கிளம்பியது. பெண் என்பது ஒரு குறை; இன்ன குலத்தாய்க்குப் பிறந்தவள் என்பது மற்றொரு குறை. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவ்வெதிர்ப்புகளைப் புறந்தள்ளி, கல்லூரியில் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டு உதவித்தொகையும் வழங்கினார். ஆண்கள் மட்டுமே பயின்ற அக்கல்லூரியில் அவரே முதல் மாணவி.

அந்த மன்னரின் பிற்கால வரலாறும் ஈண்டு குறிப்பிடத்தக்கது. அவர் 1915-இல் ஆஸ்திரேலியப் பெண்மணியாகிய மோலி ஃபிங்க் என்பாரை மணந்தார். அவர்களுக்குப் பிறந்த மகனை ஆங்கில அரசு வாரிசாக ஏற்கவில்லை. 1928-இல் மன்னர் இறந்தபின் அரியணை இராஜகோபாலத் தொண்டைமானுக்குச் சென்றது. தாயின் குலம் பார்த்துப் பிள்ளையை ஒதுக்கும் வழக்கம் அரண்மனையையும் விட்டுவைக்கவில்லை.

1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் முத்துலட்சுமி பட்டம் பெற்றார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கலாகாது என்பன அவர் விதித்த நிபந்தனைகள். சடங்கு முறையில் அன்றி, 1872-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின்படி அத்திருமணம் நடந்தது. அச்சட்டப்படி மணப்போர், இந்து, முஸ்லிம், கிறிஸ்தவம் முதலிய மதங்களைப் பின்பற்றவில்லை என்று எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. அந்நாளில் வெவ்வேறு சாதியினர் சட்டப்படி கணவன் மனைவியாக வாழ இதுவே வழியாயிருந்தது.

1926-இல் சென்னை மாகாண சட்டமன்ற மேலவைக்கு நியமிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு அவையின் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். முஸ்லிம் மாணவியருக்குத் தனி விடுதி அமைய அவர் எடுத்த முயற்சி நம் சமுதாயம் நன்றியுடன் நினைவுகூரத் தக்கது. எனினும் அவர் தம் முழு ஆற்றலையும் செலவிட்டது பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிப்பதில்தான். 1927-இல் இதற்கான தீர்மானத்தை அவையில் கொண்டுவந்தார். நம் மாவட்டத்துத் திருமயத்தில் பிறந்த சத்தியமூர்த்தி போன்றோர் அதை எதிர்த்தனர்.

அதனினும் வருந்தத்தக்க எதிர்ப்பு அக்குலப் பெண்களிடமிருந்தே வந்தது. திருவையாற்றில் தியாகராஜரின் சமாதியைக் கட்டியெழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களில் ஒருவர். தங்களுக்குச் சொத்துரிமை உண்டு, கல்வியும் கலையும் உண்டு, சிலர் தவறினால் குலம் முழுவதையும் விலைமாதர் எனப் பழிப்பது நீதியன்று என்று அவர்கள் அரசுக்கு மனு அளித்தனர். இம்மனுவை அறியாமைப் பேச்சென்று தள்ளிவிட முடியாது. கணவன் இறந்தால் பிற குலப் பெண்கள் பிறந்தகத்தில் கையேந்தி நின்ற காலத்தில், தம் பெயரில் வீடுடைய பெண்கள் இவர்கள். ஆயினும், மணம் வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல அறியாத வயதில் ஒரு சிறுமியின் வாழ்வை முடிவு செய்துவிடும் உரிமை எவருக்கும் இல்லை என்பதில் அம்மையார் உறுதியாக நின்றார். அதே குலத்தில் வாழ்ந்து வெளியேறிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் அவருக்குத் துணை நின்றார்.

1929-இல் வந்த திருத்தச் சட்டம் மானிய நிலத்தை ஊழியத்திலிருந்து விடுவித்து, அப்பெண்களுக்கே உரிமையாக்கிற்று. பின்னர் வந்த தடைச்சட்டத்தையே பலரும் பெரிதாகப் பேசுவர். எளியேன் கருத்தில் இந்த நிலச்சட்டமே மேலானது. சோற்றுக்கு வழி செய்யாமல் ஒரு வழக்கத்தை நிறுத்தச் சொன்னால் அது நிற்காது.

1930-இல் தடை மசோதாவைக் கொண்டுவந்தார். அவ்வாண்டே உப்புச் சத்தியாக்கிரகத்தில் காந்தியடிகள் கைதானதும் பதவியைத் துறந்தார். மசோதா சட்டமாக 1947 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அப்போதும் அது சென்னை மாகாணச் சட்டமே. அவர் பிறந்த புதுக்கோட்டை, 1948 மார்ச்சில் இந்தியாவுடன் இணையும் வரை தனிச் சமஸ்தானமாகவே இருந்தது.

வழக்கத்திலிருந்து விடுபட்டு வரும் சிறுமியர் எங்கே போவார்கள்? சாதி பார்த்து இடம் தந்த விடுதிகள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. வாசலுக்கு வந்த பெண்களைத் தம் வீட்டிலேயே தங்கவைத்து, அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். தந்தை பெயரோ குலமோ கேளாமல் அங்கே இடம் தரப்பட்டது. அது பின்னர் அடையாற்றில் நிலைபெற்றது.

அவருடைய தங்கை ஒருவர் 1923-இல் புற்றுநோயால் இறந்தார். நோய் இன்னதென்று முதலில் சரியாகக் கண்டறியப்படவில்லை. மருத்துவராயிருந்தும் தங்கையைக் காப்பாற்ற இயலாத துயரம் அவரை விடவில்லை. முப்பது ஆண்டுகள் அரசிடமும் செல்வரிடமும் நிதி வேண்டி அலைந்தார். 1952-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தனர். இன்னொரு தங்கை நல்லமுத்து இராமமூர்த்தி, சென்னை இராணி மேரி கல்லூரியின் முதல் இந்திய முதல்வரானார்.

1956-இல் பத்மபூஷண் விருது பெற்ற அம்மையார் 1968 ஜூலை 22 அன்று மறைந்தார். ஏழைத் தாய்மாருக்கான மகப்பேறு நிதியுதவித் திட்டத்திற்குத் தமிழக அரசு அவர் பெயரைச் சூட்டியுள்ளது. நம் ஜமாஅத்தைச் சேர்ந்த சகோதரிகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யும்போது படிவத்தின் தலைப்பில் காணும் பெயர், புதுக்கோட்டைச் சந்திரம்மாள் மகளின் பெயரே.