காதலில் தொடங்கிக் கருணையில் நின்ற கவிஞர்: சர் எட்வின் ஆர்னால்டு

வள்ளுவப் பெருந்தகை அன்புடைமையை இல்லறவியலிலும் அருளுடைமையைத் துறவறவியலிலும் வைத்தார். மனைவி, மக்கள், சுற்றம் எனத் தொடர்புடையார் மேற் செல்வது அன்பு. யாதொரு தொடர்பும் இல்லாத உயிர்கள் மேலும் செல்வது அருள் என்று உரையாசிரியர் பிரித்துரைப்பர். அன்பிலிருந்து அருளுக்குச் செல்லும் வழி எது என்பது கற்றோரையும் மல்லாதோரையும் ஒருங்கே வருத்தும் வினா. மேலை நாட்டிலே பிறந்த ஒருவர் அவ்வழியைத் தம் பாட்டிலே காட்டினார். அவர்தாம் ‘ஆசியாவின் ஒளி’ என்னும் காவியம் இயற்றிய சர் எட்வின் ஆர்னால்டு.

இங்கிலாந்தில் கெண்ட் மாகாணத்துக் கிரேவ்ஸெண்டு என்னும் ஊரில் 1832ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் அவர் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் பயின்றபோது 1852இல் கவிதைக்கான நியூடிகேட் பரிசு பெற்றார். சில காலம் பர்மிங்காமில் ஆசிரியராக இருந்தபின், பூனா நகரத்து டெக்கான் கல்லூரியின் தலைமை ஏற்று நம் நாட்டிற்கு வந்தார். 1857ஆம் ஆண்டின் பெருங்கலகம் மூண்டபோது அவர் இங்கேதான் இருந்தார். வெள்ளையரும் இந்தியரும் ஒருவரையொருவர் பகைவராகவே கண்ட அந்நாளில், இவ்விளைஞர் வடமொழி கற்கத் தொடங்கினார். இதோபதேசக் கதைகளை ஆங்கிலத்தில் ஆக்கி 1861இல் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே தாயகம் திரும்பி, லண்டன் ‘டெய்லி டெலிகிராப்’ நாளிதழில் சேர்ந்தார். ஏறத்தாழ நாற்பது ஆண்டு அப்பத்திரிகைப் பணியே அவருடைய பிழைப்பு.

1864இல் முதல் மனைவி காதரைன் அம்மையார் மறைந்தார். பின்னர் அமெரிக்கப் போதகர் வில்லியம் ஹென்றி சானிங் என்பவரின் மகளாகிய பானி அம்மையாரை மணந்தார்.

ஆர்னால்டு முதலில் நாடியது காதல் இலக்கியத்தையே. ராதை கண்ணனைப் பிரிந்து வாடுவதைப் பாடும் கீதகோவிந்தத்தை 1875இல் ஆங்கிலக் கவிதையாக்கினார். நான்கு ஆண்டு கழித்து, 1879இல், ‘ஆசியாவின் ஒளி’ வெளிவந்தது. ஓய்வில்லாத நாள்களின் சிறு இடைவேளைகளில் இதனை எழுதியதாக அவரே முன்னுரையில் குறித்துள்ளார். ஆலையிலே சங்கு ஊதும் நேரத்தை எண்ணி எண்ணி எழுத்துக் கூட்டிப் படித்த என் போன்றோர்க்கு இச்செய்தி பெரிதும் ஆறுதல் தருவது. நேரமில்லை என்று சொல்லி நூலை மூடிவைப்போர் இதனைக் கேட்பாராக.

எட்டுப் பகுதிகளையுடைய அக்காவியத்தில் முதற்பாதி முழுதும் இளவரசர் சித்தார்த்தரும் யசோதரையும் கொண்ட காதல் மணக்கின்றது. ஆர்னால்டு அதனை இழிவாகக் காட்டவில்லை. பெண்ணை மாயை என்று பழிக்கவில்லை. பெருந்துறவின் இரவிலே, உறங்கும் மனைவியின் பாதங்களில் தம் நெற்றி படும்படி வணங்கி, அவள் கட்டிலைக் கோயிற் பீடத்தை வலம்வருவது போல் மும்முறை வலம்வந்து சித்தார்த்தர் நீங்குகிறார். மனைவியையும் பச்சிளங் குழந்தையையும் விட்டுச் சென்றவர்க்கு அன்பு ஏது என்று நம்மை இடித்துரைப்போர் இன்றும் உளர். என் பிரசங்கங்களில் பலமுறை கேட்கப்பட்ட கேள்வி இது. ஆர்னால்டு காவியத்திலே இதற்கு விடை உண்டு. யசோதரையிடம் வைத்த அன்பு குன்றியதால் அண்ணல் செல்லவில்லை. ஒருத்தி படப்போகும் மூப்பும் பிணியும் சாவும் எல்லா மாந்தர்க்கும் உண்டென அறிந்து, மருந்து தேடிச் சென்றார். அன்பு அறுந்துபோகவில்லை, அகன்று விரிந்தது. இவ்விடத்தைக் கருத்தூன்றிப் படியாதவர்க்குக் காவியத்தின் பிற்பாதி விளங்காது.

பிற்பாதியிலே அருள் வருகின்றது. கால் ஊனமுற்ற ஆட்டுக்குட்டியைத் தோளில் சுமந்துகொண்டு அண்ணல் இராசகிருக நகரத்து வேள்விச்சாலைக்குச் செல்கிறார். பிம்பிசார மன்னனின் கொலைவேள்வி நிற்கின்றது. மகவை இழந்த கௌதமி கடுகு தேடி வீடு வீடாக அலைகின்றாள். இவற்றினும் நம் நெஞ்சைத் தொடுவது ஆட்டிடைச் சிறுவன் காட்சி. தவத்தால் மெலிந்து மயங்கி விழுந்த பெருமானுக்கு அச்சிறுவன் தழை முறித்து நிழல் செய்கிறான். பெருமான் பால் கேட்கிறார். அவனோ நடுங்குகிறான், தான் தாழ்ந்த குலத்தவன், தன் கலம் பட்டால் பெரியவர்க்குத் தீட்டு என்கிறான். குருதியிலும் கண்ணீரிலும் சாதி கண்டவர் யார் என்னும் கருத்துப்பட அண்ணல் மறுமொழி கூறி, அவன் கையால் பால் வாங்கி உண்கிறார். தேநீர்க் கடையிலே தனிக் குவளையைக் கண்ட தலைமுறையினர்க்கு இக்காட்சியை எவரும் உரை எழுதி விளக்க வேண்டுவதில்லை. அங்கே அன்பு செய்தவன் முதலில் அச்சிறுவனே என்பதையும் மறவாதீர். தீட்டு என்னும் பொய், அன்பு செய்த கையையே அஞ்சச் செய்தது.

நூல் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பதிப்பு மேல் பதிப்பாக வெளிவந்தது. கிறித்தவப் போதகர் சிலர் சினங்கொண்டு மறுப்பு நூல்கள் எழுதினர். சயாம் மன்னர் வெள்ளை யானை விருது அளித்தார். லண்டனில் சட்டம் பயின்ற காந்தியார் இந்நூலை ஆர்வத்தோடு படித்தார்; பேஸ்வாட்டர் பகுதியில் தாம் அமைத்த சைவ உணவுச் சங்கத்துக்கு, அப்பகுதியிலேயே வாழ்ந்த ஆர்னால்டைத் துணைத் தலைவராக்கினார்.

ஆயினும் ஒன்றை மறைத்தல் தகாது. ஆங்கிலப் பேரரசின் ஆட்சியை ஆர்னால்டு இறுதிவரை நம்பியவர். எல்லா உயிர்க்கும் இரங்கிய பாவலர், ஒரு நாட்டை மற்றொரு நாடு ஆள்வதில் உள்ள துன்பத்தைக் கண்டாரில்லை. பாட்டிலே எட்டிய உயரத்தை வாழ்விலே எட்டுவது அரிது போலும்.

ஆனால் பாட்டோடு நின்றவரும் அல்லர் அவர். 1886இல் புத்தகயைக்கு வந்தார். பெருமான் ஞானம் பெற்ற தலம் சைவ மகந்தின் கைவசம் இருப்பதையும், பௌத்தர்க்கு அங்கே உரிமையின்மையையும் கண்டு வருந்தினார். இலங்கை சென்று வெலிகம ஸ்ரீ சுமங்கல தேரரோடு கலந்து, அத்தலம் பௌத்தரிடம் சேர வேண்டுமென்று முயன்றார், அரசினருக்கும் எழுதினார், இதழிலும் எழுதினார். அவர் மூட்டிய தீ அநகாரிக தர்மபாலர் உள்ளத்தில் பற்றியது. தர்மபாலர் 1891 ஜனவரியில் புத்தகயை கண்டு, அவ்வாண்டு மே மாதத்தில் கொழும்பில் மகாபோதி சங்கம் நிறுவினார். 1949ஆம் ஆண்டுச் சட்டம் அமைத்த நிர்வாகக் குழுவிலும் பௌத்தர் நால்வர், இந்துக்கள் நால்வர் என்றே வகுக்கப்பட்டது. முழு உரிமை வேண்டிப் பிக்குகள் 2025 பிப்ரவரியில் அங்கே உண்ணாநோன்பு தொடங்கினர். ஆர்னால்டு தொடங்கிய வழக்கு நீண்ட வழக்கு.

1889இல் பானி அம்மையாரும் மறைந்தார். அவரைப் போற்றிய பாடல்களைத் தொகுத்து அவ்வாண்டே ஒரு நூலாக்கினார் கவிஞர். உலகமெல்லாம் நிலையாமையைப் பாடிக் காட்டியவர், தம் இல்லத்தில் அது வந்தபோது அழுதார். அழுததால் அவர் தம்மம் அறியாதவர் என்று நான் சொல்லமாட்டேன். பிறகு ஜப்பான் சென்று அந்நாட்டு மக்களோடு வாழ்ந்தார். 1897இல் செண்டாய் நகரத்துத் தமா குரோகாவா அம்மையாரை மணந்தார். நிறமும் நாடும் பார்த்து மணம் பேசிய காலம் அது.

இறுதி ஆண்டுகளில் கண்ணொளி குன்றிப் பார்வை போயிற்று. அந்நிலையிலும் எழுத்துப் பணியை அவர் விடவில்லை. 1904 மார்ச் 24ஆம் நாள் லண்டனில் உயிர் நீத்தார். உடல் எரியூட்டப்பட்டது, சாம்பல் அவர் பயின்ற ஆக்ஸ்போர்டு யூனிவர்சிடி கல்லூரியின் சிற்றாலயத்தில் வைக்கப்பட்டது.

தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர் காவியத்தைத் தழுவி ‘ஆசிய ஜோதி’யைத் தமிழில் பாடித் தந்தார். ஆட்டிடைச் சிறுவன் அதில் தமிழ் பேசுகிறான். எழுதப் படிக்கத் தெரியாத நம் தாய்மார் பலர் அப்பகுதியைக் கேட்டுக் கேட்டே மனப்பாடமாகச் சொல்வதை வைசாகக் கூட்டங்களில் நான் கேட்டிருக்கிறேன்.