வீட்டைப் பள்ளிக்கூடமாக்கிய அர்ச். தாமஸ் மோர்



உங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஞானோபதேசமோ பாடமோ சொல்லிக்கொடுக்க உங்களுக்கு நேரம் கிடைக்கிறதா? வேலை முடிந்து களைத்துத் திரும்பும் தகப்பனும், அடுப்படியை விட்டு நகர முடியாத தாயும் இதற்கு என்ன மறுமொழி சொல்வார்கள் என்பது நமக்குத் தெரியும். நேரம் எங்கே இருக்கிறது என்பார்கள். அப்படிச் சொல்லும் பெற்றோருக்காகவே இவ்வாரம் ஓர் அர்ச்சியசிஷ்டவரின் வாழ்க்கையைச் சொல்ல விரும்புகிறோம். அவர் சந்நியாசியுமல்ல, குருவானவருமல்ல. இரண்டு முறை விவாகம் செய்த குடும்பஸ்தர், நியாயவாதி, முடிவில் இங்கிலாந்து தேசத்திலேயே அரசனுக்கு அடுத்த உத்தியோகம் வகித்தவர். அவரைப்போல் வேலை நெருக்கடி உள்ள தகப்பன் நம் பங்கில் ஒருவரும் இருக்க மாட்டார். ஆயினும் அவர் தம் வீட்டையே ஒரு பள்ளிக்கூடமாக நடத்தினார். அவர்தான் அர்ச். தாமஸ் மோர். அவருடைய திருநாள் ஜூன் 22.

தாமஸ் மோர் 1478ஆம் ஆண்டு லண்டன் நகரில் பிறந்தார். தகப்பனாரும் நியாயவாதியே; பிற்பாடு நீதிபதியானவர். சிறுவன் தாமஸ் அதிமேற்றிராணியார் மோர்ட்டன் அரண்மனையில் ஏவல் பார்த்து வளர்ந்தான். பின் ஆக்ஸ்போர்டிலும், லண்டன் சட்டக் கழகத்திலும் படித்தான். வாலிப வயதில் ஏறக்குறைய நான்கு வருஷம் லண்டனிலிருந்த கர்த்தூசியன் சபை மடத்தாரோடு சேர்ந்து செபதபங்களில் ஈடுபட்டார். சந்நியாசம் தமக்குரிய அழைத்தல் அல்லவென்று தெளிந்த பிறகே விவாக வாழ்வைத் தெரிந்துகொண்டார். அந்த மடத்தை நினைவில் வைத்திருங்கள். இந்தச் சரித்திரத்தின் முடிவில் மறுபடி அங்கே போகவேண்டியிருக்கும்.

1505ஆம் ஆண்டு ஜேன் கோல்ட் என்ற இளம்பெண்ணை மணந்தார். மார்கரெட், எலிசபெத், செசிலி என்று மூன்று பெண்கள். கடைசியாக ஜான் என்ற ஆண்பிள்ளை. 1511இல் ஜேன் இறந்துபோனாள். மூத்தவளுக்கு ஆறு வயது இருக்கலாம். ஜானோ கைக்குழந்தையைச் சற்றே தாண்டியவன். தாயற்ற நான்கு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் தாமதிக்கவில்லை. ஆலிஸ் மிடில்டன் என்ற விதவையைச் சீக்கிரத்தில் மணந்தார். அந்த அம்மாள் அவரைவிட மூத்தவர், கண்டிப்பானவர், வீட்டு நிர்வாகத்தில் கெட்டிக்காரி. தம் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். மார்கரெட் கிக்ஸ் என்ற வளர்ப்பு மகளும் இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். பிற்பாடு அவருடைய பராமரிப்பில் ஒப்படைக்கப்பட்ட வேறு சிறுவர் சிறுமியரும் வந்தார்கள். இப்படி அந்த வீடு நிறைந்தது.

அந்தக் காலத்தில் இலக்கணப் பள்ளிகளும் சர்வகலாசாலைகளும் ஆண்பிள்ளைகளுக்கே. பெண்களுக்கு லத்தீனும் கிரேக்கமும் எதற்கு, படித்தால் கெட்டுப்போவார்கள் என்று பெரியோர்களே எண்ணியிருந்தார்கள். மோர் அப்படி எண்ணவில்லை. ஆணின் ஆத்துமத்தைப் போலவே பெண்ணின் ஆத்துமமும் புத்தியுள்ளது. நல்ல விதை இரண்டிலும் விளையும் என்பது அவர் கொள்கை. ஆகையால் மகனுக்கும் மகள்களுக்கும் ஒரே பாடம். லத்தீன், கிரேக்கம், தர்க்கம், தத்துவம், கணிதம், வானசாஸ்திரம், வேதபிதாக்களின் நூல்கள் எல்லாம் அந்த வீட்டில் படிக்கப்பட்டன. பிற்காலத்தில் பெயர்பெற்ற வைத்தியரான ஜான் கிளெமெண்ட், வில்லியம் கொனெல், வானசாஸ்திரியான நிக்கோலாஸ் கிராட்சர் முதலியோர் ஆசிரியராக இருந்தார்கள்.

ஆசிரியரை வைத்தோம், நம் கடமை தீர்ந்தது என்று அவர் இருந்துவிடவில்லை. 1516இல் வெளிவந்த தமது உத்தோப்பியா என்னும் நூலின் முன்னுரையில் அவர் தம் அன்றாட வாழ்வைக் கூறுகிறார். பகலெல்லாம் வழக்குகள், வீடு திரும்பினால் மனைவியோடு பேசவேண்டும், பிள்ளைகளோடு கொஞ்சவேண்டும், வேலைக்காரரை விசாரிக்கவேண்டும். இதையெல்லாம் அவர் பொழுதுபோக்கென்று சொல்லவில்லை. செய்தே தீரவேண்டிய வேலைகளின் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார். வாசகரே, இதைக் கவனியுங்கள். நாம் வேலையெல்லாம் முடிந்து மிஞ்சும் நேரத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். அவரோ பிள்ளைகளையே வேலையில் ஒன்றாக வைத்தார்.

அரசாங்க காரியமாக வெளியூர் போனால் கடிதம் வழியாகப் பள்ளிக்கூடம் தொடரும். பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஏறக்குறைய தினந்தோறும் அவருக்கு லத்தீனில் எழுதவேண்டும். எழுத விஷயமில்லை என்ற சாக்கு செல்லாது. விஷயமில்லை என்பதையே விரிவாக எழுதலாமே என்பார். முதலில் இங்கிலீஷில் எழுதி, பிறகு லத்தீனில் பெயர்த்து, பிழை திருத்தி, சுத்தப்பிரதி எடுத்து அனுப்பவேண்டும். அவரும் பதில் எழுதத் தவறமாட்டார். ஒருமுறை மழையில் நனைந்து, சேற்றில் கால் புதையும் குதிரைமேல் போய்க்கொண்டே, பிள்ளைகளுக்காக லத்தீனில் ஒரு செய்யுட்கடிதம் கட்டினார். தாம் அவர்களுக்குப் பணியாரமும் பழமும் பட்டும் வாங்கிக் கொடுத்ததையும், அடிக்க நேர்ந்தபோது மயிலிறகால் மட்டுமே அடித்ததையும் அதில் நினைப்பூட்டுகிறார்.

ஒருநாள் மார்கரெட்டின் கடிதம் எக்ஸ்டர் மேற்றிராணியார் கண்ணில் பட்டது. ஒரு பெண் எழுதிய லத்தீன் என்று அவர் முதலில் நம்பவில்லை. நம்பிய பின் அவளுக்கென்று ஒரு போர்த்துக்கேசிய பொற்காசைக் கொடுத்து, மோர் எவ்வளவு மறுத்தும் திரும்ப வாங்க மறுத்துவிட்டார். பெண்கல்வியில் சந்தேகப்பட்ட பேரறிஞர் எராஸ்முஸும் இந்த வீட்டைப் பார்த்தே மனம் மாறினார். அவர் பரலோக மந்திரத்தைப்பற்றி எழுதிய விளக்கத்தை மார்கரெட் இங்கிலீஷில் பெயர்த்தாள், அதை அச்சிட்டார்கள்.

ஆனால் படிப்புக்காகப் படிப்பு என்பது மோரின் நோக்கமல்ல. 1518இல் ஆசிரியர் கொனெலுக்கு எழுதிய கடிதத்தில் அதைத் தெளிவாக்கினார். முதலில் புண்ணியம், அதற்கு அடுத்தபடியே கல்வி. பிள்ளைகளின் அழகையும் ஆடையையும் கெட்டிக்காரத்தனத்தையும் புகழ்ந்து அகங்காரத்தை ஊட்டவேண்டாம். மனச்சாட்சி சுத்தமாயிருந்தால் ஊரார் பேச்சுக்கு அசையத் தேவையில்லை என்று கற்றுக்கொடுக்கவேண்டும். வேடிக்கையாகவும் கோபமாகவும் பல கடிதங்கள் எழுதிய மனிதர், தம் பிள்ளைகளின் வாழ்வையெல்லாம் தாங்கவேண்டிய அஸ்திவாரத்தை இந்த ஒன்றில் போட்டுவைத்தார்.

1520களின் நடுவில் குடும்பம் தேம்ஸ் நதிக்கரையிலிருந்த செல்சி கிராமத்துக்குக் குடிபோயிற்று. சாப்பாட்டு வேளையில் ஒரு மகள் வேதாகமம் வாசிப்பாள். பிறகு அதைப்பற்றிப் பேச்சு. அதன்பின் சிரிப்பும் வேடிக்கையும். இரவில் வீட்டார் வேலைக்காரர் எல்லாரும் கூடிச் சங்கீதங்களைச் சொல்லிச் செபிப்பார்கள். சீட்டாட்டத்துக்கும் சூதுக்கும் அங்கே இடமில்லை. பங்குக் கோவிலில் மோர் சாதாரண பாடகரோடு நின்று பாடுவார். பட்டாடைக்குள் மயிர்ச்சட்டை உடுத்தியிருந்தார். அந்த இரகசியம் அறிந்து அதைத் துவைத்துத் தந்தவள் மார்கரெட் மட்டுமே.

1529இல் அவர் ஊரில் இல்லாத சமயம் களஞ்சியத்தில் நெருப்புப் பற்றித் தானியமெல்லாம் சாம்பலாயிற்று. பக்கத்து வீட்டாரின் களஞ்சியங்களும் எரிந்தன. செய்தி கேட்ட மோர் ஆலிஸ் அம்மாளுக்குக் கடிதம் எழுதினார். எல்லாரும் கோவிலுக்குப் போய், கொடுத்ததற்கும் எடுத்ததற்கும் சர்வேசுரனுக்கு நன்றி சொல்லுங்கள். நம் வீட்டு நெருப்பால் அயலார் எவருக்கும் ஒரு கரண்டி கூட நஷ்டம் வரக்கூடாது. வேலைக்காரரைத் திடீரென்று தெருவில் விடாதீர்கள் என்று ஏற்பாடு செய்தார். இதுவும் அந்தப் பள்ளிக்கூடத்தின் ஒரு பாடம்.

அதே ஆண்டு அக்டோபரில் எட்டாம் ஹென்றி அரசன் அவரை லார்ட் சான்சலர் ஆக்கினான். ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அவர் அந்தப் பதவியிலிருந்த காலத்தில் ஆறு பேர் பதிதரென்று எரிக்கப்பட்டார்கள். அக்காலத்துச் சட்டம் அப்படியிருந்தது. அவரும் அதைச் சரியென்றே எண்ணினார். இன்று அதை வாசிக்கும் நம் மனம் வருந்துகிறது. தம் வீட்டிலோ அவர் வேறுவிதமாக நடந்திருந்தார். மார்கரெட்டின் கணவர் வில்லியம் ரோப்பர் முன்னொரு காலத்தில் லூத்தர் கொள்கையைத் தழுவியபோது, மோர் வெகுவாக வாதாடிப் பார்த்தார். பயனில்லையென்று கண்டபின் வாதத்தை நிறுத்தி, மருமகனுக்காகச் செபிக்கலானார். ரோப்பர் மனந்திரும்பினார்.

அரசன் தன் மனைவி கத்தரீன் இராணியைத் தள்ளி ஆன் போலினை மணக்கத் துணிந்து, திருச்சபையின் அதிகாரத்தையும் தன் கையில் எடுத்துக்கொள்ளத் தொடங்கினான். 1532 மே 16இல் மோர் பதவியைத் துறந்தார். வருமானம் குன்றிப்போயிற்று. பிள்ளைகளையும் மருமக்களையும் கூட்டிவைத்து, இனி எப்படிச் சீவிப்பதென்று ஆலோசனை கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவரே சொன்னார்: படிப்படியாக இறங்கி, மாணவப் பருவத்தின் ஆக்ஸ்போர்டு சாப்பாட்டுக்கு வருவோம், அதுவும் முடியாவிட்டால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகக் கிருபை தயாபத்து மந்திரம் பாடிப் பிச்சையெடுப்போம், அப்போதும் சேர்ந்தே இருப்போம் என்றார். குளிர்காலத்தில் விறகு வாங்க வழியின்றி, படுக்கைக்குப் போகுமுன் காய்ந்த செடிகளைக் கொளுத்திக் குளிர் காய்ந்தார்கள்.

1534 ஏப்ரலில், அரசன் கேட்ட சத்தியப் பிரமாணத்தைச் செய்ய மறுத்ததால் மோர் லண்டன் கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டார். இங்கேதான், வாசகரே, அவருடைய பள்ளிக்கூடத்துக்குப் பரீட்சை வந்தது. குடும்பத்தார் பிரமாணம் செய்துவிட்டார்கள். மார்கரெட்டும், தேவ கட்டளைக்கு ஒத்தவரையில் என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டு, பிரமாணம் செய்தாள். அதனால் தகப்பனைப் பார்க்க அவளுக்கு அனுமதி கிடைத்தது. இருவரும் முழந்தாளிலிருந்து ஏழு தபசு சங்கீதங்களையும் பிரார்த்தனையையும் சொல்வார்கள். அதன்பின் அவள் வாதாடுவாள். இத்தனை மேற்றிராணிமார்களும் கற்றவர்களும் ஒப்புக்கொண்டதை நீர் ஒருவர் மறுப்பதேன் என்று கேட்பாள். தர்க்கம் கற்றுக்கொடுத்தவர் அவரே. அந்தத் தர்க்கத்தையே அவள் அவர் உயிரைக் காப்பாற்றப் பயன்படுத்தினாள். சோதிக்க வந்த ஏவாளே என்று அவர் சிரித்தார். கோபிக்கவில்லை. மற்றவர்கள் செய்த பிரமாணத்தைத் தாம் தீர்ப்பிடுவதில்லை என்றார். ஆனால் தம் ஆத்துமத்தை எவர் முதுகிலும் ஏற்றியனுப்ப முடியாதென்றார்.

மகளை மிரட்டி வசப்படுத்த அவர் முயலவில்லை. மகளுக்காகத் தம் மனச்சாட்சியை விற்கவுமில்லை. அவள் மெல்ல மெல்ல விளங்கிக்கொண்டாள். 1535 ஜூலை 1இல் மரணத் தீர்ப்புப் பெற்றுத் திரும்புகையில், கோபுரத் துறையருகே மார்கரெட் ஈட்டியும் கோடரியும் தாங்கிய காவலரைப் பிளந்துகொண்டு ஓடி, சனங்கள் முன்னிலையில் தகப்பனைக் கட்டிக்கொண்டாள். அப்போது அவள் வாதாடவில்லை. அந்த நாளில் அவள் காட்டிய அன்புபோல் தம்மை மகிழ்வித்தது வேறில்லையென்று, ஜூலை 5இல் கரித்துண்டால் எழுதிய கடைசிக் கடிதத்தில் மோர் தெரிவித்தார். மயிர்ச்சட்டையையும் அவளிடமே அனுப்பினார். மறுநாள் அவர் தலை வெட்டுண்டது.

லண்டன் பாலத்தில் மாட்டப்பட்ட அந்தத் தலையை மார்கரெட் எப்படியோ பெற்றுப் பத்திரப்படுத்தினாள். 1544இல் அவள் இறந்தாள். அந்தச் சிரசு காண்டர்பரியில் ரோப்பர் குடும்பக் கல்லறையில் இருக்கிறது. வளர்ப்பு மகள் மார்கரெட் கிக்ஸும் பாடத்தை மறக்கவில்லை. மோர் வாலிபத்தில் செபித்த அதே கர்த்தூசியன் மடத்தின் சந்நியாசிகளை 1537இல் நியூகேட் சிறையில் சங்கிலியால் கட்டிப் பட்டினி போட்டார்கள். கணிதத்தில் வல்லவளான அவள் பால்காரிபோல் வேஷமிட்டு, பாத்திரத்தில் உணவு கொண்டுபோய், கட்டுண்டவர்களுக்குத் தன் கையாலேயே ஊட்டினாள். காவல் கடுமையாகும்வரை அதைச் செய்தாள்.

11ஆம் பத்திநாதர் 1935இல் தாமஸ் மோருக்கு அர்ச்சியசிஷ்டர் பட்டம் அளித்தார். 2000ஆம் ஆண்டில் 2ஆம் அருளப்பர் சின்னப்பர் அவரை அரசியல்வாதிகளுக்குப் பாதுகாவலராக அறிவித்தார். பெற்றோர்களாகிய நாமும் அவரை உரிமையோடு அழைக்கலாம். நாம் பிள்ளைகளுக்குக் கிரேக்கம் கற்பிக்க முடியாதிருக்கலாம். ஆனால் இரவுச் செபத்துக்கு அவர்களைக் கூட்டி முழந்தாளிலிருக்க முடியும். வெளியூர் வேலைக்குப் போனால் விசாரித்து எழுத முடியும். வீட்டில் நஷ்டம் வந்த நாளில் அயலாரின் நஷ்டத்தை முதலில் கேட்க முடியும். சொல்லிக்கொடுத்த பிள்ளை ஒருநாள் நம்மையே எதிர்த்து வாதாடக்கூடும். அன்று கோபிக்காமலும், சத்தியத்தை விடாமலும் இருக்கும் வரத்தைக் கேட்டு மன்றாடுவோம்.

அர்ச். தாமஸ் மோரே, எங்கள் குடும்பங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.