காலரா விஷத்தைக் கண்டுபிடித்த இந்தியர்: யார் இந்த சம்புநாத் தே? குடலில் உள்ள சர்க்கரைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பேச்சிப்பாறை மலையோரமா இருந்தாலும் சரி, சென்னையா இருந்தாலும் சரி, குழந்தைக்கு வயிற்றுப்போக்குன்னா முதல்ல கொடுக்கச் சொல்வது ஓஆர்எஸ் கரைசல். அதுல இருப்பது உப்பும் குளுக்கோஸும். ஒரு காலத்தில் ஊர் ஊராக உயிர்களைக் கொண்டுபோன வாந்திபேதி, அதாவது காலரா, உடம்பில் என்ன செய்கிறது என்று புரிய வைத்தவர் ஒரு இந்திய மருத்துவர். பலருக்கு அவர் பெயரே தெரியாது.

யார் இவர்?

சம்புநாத் தே, 1915 பிப்ரவரி 1-ம் தேதி மேற்கு வங்கத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் பிறந்தார். வசதியான குடும்பம் இல்லை. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் படித்து 1939-ல் டாக்டர் ஆனார். 1947-ல் லண்டன் போய், நோயியல் நிபுணர் ராய் கேமரூனிடம் ஆய்வு செய்து 1949-ல் முனைவர் பட்டம் பெற்றார். அங்கேயே தங்காமல் கல்கத்தா திரும்பினார். ஊரில் அப்போது காலரா சாவுகள் நிற்கவே இல்லை.

75 வருஷ தவறு

காலரா கிருமியை 1884-ல் ஜெர்மனியின் ராபர்ட் கோக் இதே கல்கத்தாவில் உறுதி செய்துவிட்டார். கிருமி ஏதோ விஷத்தை வெளியிடுகிறது என்ற சந்தேகமும் அப்போதே இருந்தது. ஆனா யாராலும் நிரூபிக்க முடியலை. காரணம், பலரும் அதை விலங்குகளின் ரத்தத்திலும் வயிற்று அறையிலும் ஊசி போட்டே சோதித்தார்கள். காலரா வேலை செய்வதோ குடலுக்குள்ளே.

தே இதை மாற்றி யோசித்தார். முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இரண்டு பக்கமும் நூலால் கட்டி, நடுவில் கிருமியைச் செலுத்தினார். சில மணி நேரத்தில் அந்தப் பகுதி நீர் கோத்து பலூன் மாதிரி வீங்கியது. இது 1953-ல் வெளியானது. அடுத்து, கிருமிகளை முழுசா வடிகட்டிவிட்டு, அவை வளர்ந்த திரவத்தை மட்டும் செலுத்தினார். அப்பவும் குடல் வீங்கியது. அப்படீன்னா குடலில் நீரைக் கொட்ட வைப்பது கிருமி வெளியிடும் விஷம்தான். 1959-ல் 'நேச்சர்' இதழில் இந்த முடிவு வந்தது.

சர்க்கரை எங்கே வருகிறது?

நம்ம செல்கள் சர்க்கரை மூலக்கூறுகளைக் கோத்து, புரதத்தின் மீதும் கொழுப்பின் மீதும் ஒட்டுகின்றன. இதற்குப் பெயர் கிளைகோசைலேஷன். ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் 'சுகர்' வேற, இது வேற. செல்லின் வெளிப்புறத்தில் இது ஒரு அடையாள அட்டை மாதிரி. ஏ, பி ரத்த வகைகளுக்கு இடையே இருப்பதும் ஒரே ஒரு சர்க்கரையின் வித்தியாசம்தான்.

குடல் செல்லின் மேல் ஜிஎம்1 என்ற கொழுப்பு இருக்கிறது. அதில் ஐந்து சர்க்கரைகள் கோக்கப்பட்டிருக்கும். காலரா விஷம் வந்து பிடித்துக்கொள்வது அந்தச் சர்க்கரைகளைத்தான். இது 1970-களில் தெரிய வந்தது. பிடித்த பிறகு விஷத்தின் ஒரு பகுதி செல்லுக்குள் நுழைந்து, உப்பையும் நீரையும் வெளியே தள்ளும் சுவிட்சை அணையவிடாமல் செய்கிறது. அதனால்தான் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி பேதி போகிறது. சிகிச்சை இல்லாவிட்டால் சில மணி நேரத்திலேயே உயிர் போகலாம்.

காப்பாற்றியதும் சர்க்கரைதான்

விஷம் குடலைக் கிழிப்பதில்லை. குளுக்கோஸும் சோடியமும் ஜோடியாக உள்ளே போகும் இன்னொரு வழி அப்படியே வேலை செய்கிறது. அந்த ஜோடி போகும்போது தண்ணீரும் பின்னாலேயே போகும். ஓஆர்எஸ் வேலை செய்வது இப்படித்தான்.

1971 வங்கதேசப் போரின்போது, எல்லையோரம் உள்ள பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் உப்பு-சர்க்கரைக் கரைசலை வாய்வழியாகக் கொடுக்க வைத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

இன்று 1 லிட்டர் ஓஆர்எஸ்-க்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குளுக்கோஸ் அளவு 13.5 கிராம். இனிப்பு கூடினால் குடலில் நீர் இன்னும் அதிகமா சேரும். அதனால பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கலக்கணும்.

கிடைக்காத மரியாதை

தே 1973-ல் பணி ஓய்வு பெற்றார். நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி ஜோஷுவா லெடர்பெர்க், இவரை ஒருமுறைக்கு மேல் நோபலுக்குப் பரிந்துரைத்தார். பரிசு வரலை. 1978-ல் காலரா பற்றிய நோபல் கருத்தரங்குக்கு அழைப்பு வந்தது. சொந்த நாட்டில் மட்டும் பெரிய விருது எதுவும் அவரைத் தேடி வரலை.

1985 ஏப்ரல் 15-ம் தேதி, 70 வயதில் காலமானார். அவர் இறந்து ஐந்து வருஷம் கழித்து, 1990-ல்தான் 'கரன்ட் சயின்ஸ்' இதழ் அவருக்காக ஒரு சிறப்பிதழ் வெளியிட்டது.