சேரிக்கு மாணவிகளை அனுப்பிய தலைமையாசிரியை

அன்னை தெரசா என்றதும் நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலையும், காளிகட்டில் அநாதைகளாகச் சாகக் கிடந்தவர்களைத் தாங்கிய கரங்களும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தச் சேலையைக் கட்டுவதற்கு முன்னால் அவர் சுமார் 17 ஆண்டுகள் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர். கல்கத்தா எண்டாலியில் உள்ள செயின்ட் மேரீஸ் பெண்கள் பள்ளியில் பூகோளமும் சரித்திரமும் கற்பித்தவர். அந்தப் பள்ளியின் மாணவிகள் வாரந்தோறும் செய்துவந்த ஒரு சின்னஞ்சிறு சேவைக்கும், பின்னாளில் உலகமே வியந்த அவருடைய பெரும்பணிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

தாய் காட்டிய வழி

1910 ஆகஸ்ட் 26ஆம் தேதி ஸ்கோப்யே நகரில் ஓர் அல்பேனியக் கத்தோலிக்கக் குடும்பத்தில் அவர் பிறந்தார். அன்று துருக்கி சாம்ராஜ்யத்தில் இருந்த அந்த ஊர் இன்று வடக்கு மாசிடோனியாவின் தலைநகரம். பெற்றோர் வைத்த பெயர் கோன்ஜா. 1919இல் தந்தை நிகோலா திடீரென்று காலமானார். அப்போது கோன்ஜாவுக்கு வயது எட்டு. தாய் திரானா தையல், பூவேலை செய்து மூன்று குழந்தைகளை வளர்த்தார். கையில் காசு குறைந்த நாளிலும் ஏழைகளை வீட்டுக்கு அழைத்துச் சோறு போடுவதை அவர் நிறுத்தவில்லை. கவனிப்பாரின்றிக் கிடந்த நோயாளிகளின் வீடு தேடிப் போவார். மகளையும் கூடவே அழைத்துச் செல்வார்.

1928இல், 18 வயதில், கோன்ஜா வீட்டை விட்டுப் புறப்பட்டார். அயர்லாந்தில் லொரெட்டோ கன்னியர் சபையில் சேர்ந்து கொஞ்ச காலம் ஆங்கிலம் கற்றார். பிறகு கப்பலேறி 1929 ஜனவரி 6ஆம் தேதி கல்கத்தா வந்து சேர்ந்தார். டார்ஜிலிங்கில் பயிற்சி. 1931இல் முதல் வாக்குறுதி கொடுத்து சிஸ்டர் தெரசா ஆனார். ஊரை விட்டு வந்த பிறகு தாயின் முகத்தை அவர் மறுபடி பார்க்கவே இல்லை. அல்பேனியாவில் குடியேறிய தாய் 1972இல் அங்கேயே காலமானார். பிழைப்புக்காகவோ பணிக்காகவோ பிறந்த மண்ணை விட்டு வந்தவர்களுக்கு அந்த வேதனை புரியும்.

மதிலுக்கு அப்பால்

எண்டாலி கான்வென்டைச் சுற்றி உயர்ந்த மதில். உள்ளே மரங்கள், தோட்டம், துப்புரவான வகுப்பறைகள். மதிலுக்கு அப்பால் மோதிஜீல் சேரி. மோதிஜீல் என்றால் முத்துக் குளம் என்று பொருள். பெயரில்தான் முத்து. அழுக்குத் தண்ணீர் தேங்கிய ஒரு குட்டை, அதைச் சுற்றிலும் நெருக்கியடித்த குடிசைகள், சேறும் சகதியுமான சந்துகள்.

அந்தப் பள்ளியில் சொடாலிட்டி எனப்படும் மாதா சபை ஒன்று இயங்கிவந்தது. பெல்ஜியத்திலிருந்து வந்த ஏசு சபைக் குருவான ஜூலியன் ஹென்றி அதை நடத்தினார். ஜெபத்தோடு கடமை முடிந்தது என்று அவர் விடவில்லை. சனிக்கிழமைகளில் மாணவிகளில் ஒரு குழு, பின்னர் நீல்ரதன் சர்க்கார் மருத்துவமனை என்று பெயர் மாறிய கேம்ப்பெல் மருத்துவமனைக்குப் போகும். இன்னொரு குழு மோதிஜீல் சேரிக்குப் போய் அங்குள்ள குடும்பங்களைப் பார்த்து வரும். இதற்கு மதிப்பெண் கிடையாது, சான்றிதழும் கிடையாது.

ஆனால் அவர்களை ஊக்குவித்து அனுப்பிய சிஸ்டர் தெரசாவால் மட்டும் கூடப் போக முடியவில்லை. லொரெட்டோ கன்னியர்கள் அக்காலத்தில் தக்க காரணம் இல்லாமல் மடத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்பது விதி. மாணவிகள் போவார்கள், பார்ப்பார்கள், திரும்பி வந்து சொல்வார்கள். சேரியின் கஷ்டத்தை வாரந்தோறும் அந்தப் பெண்கள் வாய்வழியாகவே அவர் கேட்டுவந்தார். ஆசிரியைக்கு மாணவிகள் பாடம் சொன்ன விந்தை அது.

பஞ்சமும் கலவரமும்

1943இல் வங்காளத்தைப் பெரும் பஞ்சம் தாக்கியது. கல்கத்தாத் தெருக்களில் மக்கள் பட்டினியால் செத்து விழுந்தார்கள். மறு ஆண்டு சிஸ்டர் தெரசா தலைமையாசிரியை ஆனார். 1946 ஆகஸ்ட் 16ஆம் தேதி நகரில் மதக்கலவரம் வெடித்தது. கடைகள் அடைபட்டன. விடுதியில் இருந்த 300 பெண்களுக்குச் சாப்பாடு இல்லை. விதியைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லாமல் அவர் தாமே உணவு தேடித் தெருவில் இறங்கினார். கண்ட இடமெல்லாம் பிணங்கள். ரோந்து வந்த ராணுவத்தினர் அவரைத் தடுத்து நிறுத்தி, பள்ளிக்கு அரிசி மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

அடுத்த மாதம் 10ஆம் தேதி, ஆண்டுத் தியானத்துக்காக அவர் டார்ஜிலிங் நோக்கி ரயில் ஏறினார். அந்நாளில் சியால்டாவிலிருந்து சிலிகுரி போகும் ரயில்கள் இன்றைய வங்கதேசத்தின் வழியாகவே சென்றன. சிலிகுரியிலிருந்து சின்ன ரயிலில் மலை ஏற வேண்டும். அந்தப் பயணத்தில்தான் மடத்தை விட்டு வெளியேறி ஏழைகளோடு ஏழையாக வாழ வேண்டும் என்ற இறை அழைப்பு அவர் உள்ளத்தில் எழுந்தது. அவருடைய சபையினர் செப்டம்பர் 10ஆம் தேதியை இன்றும் கொண்டாடுகிறார்கள்.

அழைப்பு வந்த வேகத்தில் அனுமதி வரவில்லை. பேராயர் பெரியே அவசரப்படுகிறவர் அல்ல. கடிதங்கள் ரோமாபுரி வரை போய் வந்தன. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் காத்திருந்த பிறகு, 1948 ஆகஸ்டு 17ஆம் தேதி, 38ஆம் வயதை எட்டும் வேளையில், மலிவான வெள்ளைச் சேலையில் அவர் வெளியேறினார். நேரே பாட்னா சென்று மருத்துவ மிஷன் சிஸ்டர்களிடம் முதலுதவி, பிரசவம் பார்த்தல் முதலியவற்றைக் கற்றார். சோறும் உப்பும் மட்டுமே உண்டு வாழலாம் என்பது அவர் திட்டம். உடம்பில் தெம்பில்லாமல் ஏழைக்கு எப்படி உழைக்க முடியும் என்று அந்தச் சிஸ்டர்கள் எடுத்துச் சொல்ல, அதைக் கைவிட்டார்.

மாணவிகள் தேடி வந்தார்கள்

டிசம்பர் 21ஆம் தேதி அவர் முதலில் போன இடம் எது? மாணவிகள் போய்வந்த அதே மோதிஜீல்தான். சேரியில் வெட்டவெளியில் குழந்தைகளைக் கூட்டி, கரும்பலகை இல்லாததால் தரையில் குச்சியால் எழுதிக் காட்டி வங்காள எழுத்துகளைக் கற்பித்தார். 1949இல் கிரீக் லேனில் மைக்கேல் கோம்ஸ் என்பவர் வீட்டு மாடியில் தங்க இடம் கிடைத்தது.

துணைக்கு யாரும் இல்லை. பழைய நிம்மதியான வாழ்க்கைக்குத் திரும்பிவிடலாமா என்ற எண்ணம்கூட அவரை வாட்டியது. அந்த நிலையில் 1949 மார்ச் 19ஆம் தேதி கதவைத் தட்டியவர் அவருடைய பழைய மாணவி சுபாஷிணி தாஸ். அவரே சிஸ்டர் ஆக்னஸ் ஆனார். அடுத்து வந்த மக்தலேனா கோம்ஸ் சிஸ்டர் கெர்ட்ரூட் ஆனார். முதலில் வந்த பத்துப் பேரும் அவரிடம் படித்த பெண்களே. சேவைக்கு வந்துவிட்டோம், இனிப் படிப்பு எதற்கு என்று இருக்க அன்னை விடவில்லை. பள்ளிப் படிப்பை முடிக்காமல் வந்தவர்களுக்குத் தாமே பாடம் சொல்லித் தந்து பரீட்சை எழுத வைத்தார். சிஸ்டர் கெர்ட்ரூடை டாக்டருக்கே படிக்க வைத்தார்.

1950 அக்டோபர் 7ஆம் தேதி அன்பின் பணியாளர் சபை முறைப்படி தோன்றியது. 1952இல் காளிகட்டில் நிர்மல் ஹிருதய் இல்லம். பின்னர் டிட்டாகரில் ரயில் பாதை ஓரமாகத் தொழுநோயாளர் இல்லம். சபைக் கன்னியர் கட்டும் சேலைகளை அங்குள்ள தொழுநோயாளர்களே நெய்து கொடுக்கிறார்கள். 1979இல் நோபல் பரிசு, 1980இல் பாரத ரத்னா. அவருடைய இல்லங்களில் வைத்திய வசதி போதாது என்று குறை கூறியவர்களும் உண்டு. 1997 செப்டம்பர் 5ஆம் தேதி அன்னை மறைந்தார். அதே ஆண்டில், அவருக்குச் சில மாதங்கள் முன்னதாகவே, முதல் மாணவி ஆக்னஸ் போய்ச் சேர்ந்துவிட்டார். 2016இல் திருச்சபை அன்னையைப் புனிதராக அறிவித்தது.

விதை இன்னும் முளைக்கிறது. லொரெட்டோ சபையின் சியால்டா பள்ளியில் தலைமைப் பொறுப்பில் இருந்த சிஸ்டர் சிரில் மூனி, 1985இல் தெருக்குழந்தைகளுக்குப் பள்ளிக் கதவைத் திறந்துவிட்டார். வசதியான வீட்டு மாணவிகள் தங்கள் பள்ளி நேரத்திலேயே அந்தக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள்.

கஷ்டப்பட்டு ஃபீஸ் கட்டி மகளைக் கான்வென்டில் சேர்க்கிறோம். மருத்துவமனைக்கும் சேரிக்கும் அனுப்பி நேரத்தை வீணாக்குகிறார்களே என்று முணுமுணுக்கும் பெற்றோர் இன்றும் உண்டு. எண்டாலி மாணவிகள் படிப்பையும் விடவில்லை, சேவையையும் விடவில்லை. சனிக்கிழமைகளில் சில மணி நேரம் மதிலைத் தாண்டிப் போய்வந்த அந்தப் பெண்கள்தான், ஒரு தலைமையாசிரியையை உலகத்துக்கே அன்னையாக்கினார்கள்.