காத்திருப்போருக்காக ஒரு தளபதி

இரண்டாம் உலகப் போரின் அமெரிக்கத் தளபதிகள் என்றதும் ஐசனோவர், பேட்டன், மெக்ஆர்தர் ஆகியோரே நம் நினைவுக்கு வருகின்றனர். நார்மண்டிக் கடற்கரையிலிருந்து ஜெர்மனியின் உட்பகுதி வரை படை நடத்தி, போரின் முடிவில் ஏறத்தாழ 13 லட்சம் வீரர்களைத் தன் தலைமையின்கீழ் கொண்டிருந்த ஒமர் பிராட்லியின் பெயர் அவர்களுக்குப் பிறகே வருகிறது. அவருடைய போர்க்கள வெற்றிகளைக் காட்டிலும், போர் ஓய்ந்த பின் வாஷிங்டனில் கோப்புகளுக்கு நடுவே அவர் கழித்த இரண்டே கால் ஆண்டுகளையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

1893-இல் மிசூரி மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில், ஏழைப் பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்தவர் பிராட்லி. பதினைந்து வயது நிறைவதற்குள் தந்தையை இழந்தார். தாய் தையல் வேலை செய்து குடும்பத்தைக் காத்தார். ரயில்வே பணிமனையில் கூலிக்கு உழைத்துக்கொண்டிருந்த இளைஞர், கட்டணமின்றிப் படிக்கலாம் என்பதாலேயே வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். 1915-இல் ஐசனோவருடன் ஒரே வகுப்பில் பட்டம் பெற்றார். ஆரவாரமற்ற இயல்பும் சாதாரண சிப்பாய்கள்மீது கொண்ட அக்கறையும் அவருக்குச் சிப்பாய்களின் தளபதி என்ற பெயரைப் பெற்றுத் தந்தன.

1945 ஆகஸ்ட் 15 அன்று, ஜப்பான் சரணடைந்த செய்தியில் உலகம் திளைத்திருந்தபோது, முன்னாள் படைவீரர் நிர்வாகத் துறையின் தலைவராக அவர் பொறுப்பேற்றார். அவர் விரும்பிய பதவி அல்ல அது. ராணுவத் தலைமைத் தளபதி ஆகவேண்டும் என்பதே அவர் எண்ணம். அதிபர் ட்ரூமன் கேட்டுக்கொண்டதால் ஏற்றார்.

அத்துறை அப்போது இருந்த நிலை நாடறிந்தது. பத்திரிகையாளர் ஆல்பர்ட் டாய்ச் அவ்வாண்டின் தொடக்கத்திலேயே அதன் மருத்துவமனைகளின் அவலத்தைத் தொடர் கட்டுரைகளாக எழுதியிருந்தார். நாடாளுமன்றக் குழு அவரை அழைத்தது. தகவல் தந்த மருத்துவர்களின் பெயர்களைக் கேட்டது. அவர் மறுக்கவே, அவமதிப்புக் குற்றம் சுமத்தத் தீர்மானித்துப் பின்னர் அதைக் கைவிட்டது. நோயாளிகள் ஏன் துன்புறுகிறார்கள் என்பதைவிட, அதை வெளியில் சொன்னவர் யார் என்பதை அறியவே அக்குழு துடித்தது. எந்த நாட்டு வாசகருக்கும் இது புதிதாகத் தோன்றாது.

பிராட்லிக்கு முன் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இப்பொறுப்பை வகித்த ஃபிராங்க் ஹைன்ஸ் நேர்மையானவர், சிக்கனக்காரர். அவருக்கு முன்பிருந்தவர் ஊழல் குற்றத்துக்காகச் சிறை சென்றவர் என்பதால், ஹைன்ஸின் எச்சரிக்கை உணர்வு ஒரு காலத்தில் தேவையாகவும் இருந்தது. ஆனால் அந்த எச்சரிக்கையே நாளடைவில் நோயாகியது. மருத்துவர்கள் மற்ற அரசு ஊழியர்களைப் போலவே குடிமைப் பணி விதிகளின்படி தேர்வு செய்யப்பட்டனர். ஊதியம் குறைவு, ஆய்வுக்கோ உயர் பயிற்சிக்கோ வழியில்லை, தாள்களை நிரப்புவதிலேயே பாதி நாள் கழிந்தது. திறமையானவர்கள் அந்தப் பக்கமே வரவில்லை. அரசியல்வாதிகளின் விருப்பப்படி, நகரங்களிலிருந்தும் மருத்துவக் கல்லூரிகளிலிருந்தும் வெகு தொலைவில் பல மருத்துவமனைகள் எழுந்திருந்தன. இந்த அமைப்பை நோக்கித்தான் போரில் பணியாற்றிய சுமார் ஒன்றரைக் கோடிப் பேர் திரும்பிக்கொண்டிருந்தனர்.

பிராட்லி செய்தவற்றில் முதன்மையானது ஆள் தேர்வு. ஐரோப்பியப் போர்முனையில் தலைமை மருத்துவராக இருந்த பால் ஹாலியை அழைத்து வந்து மருத்துவப் பொறுப்பை ஒப்படைத்தார். சிகாகோவைச் சேர்ந்த எலும்பு மருத்துவ நிபுணர் பால் மேக்னசன் அவர்களுடன் இணைந்தார். தாமதத்துக்கும் தரக்குறைவுக்கும் வேர் ஒன்றே என்பதை மூவரும் கண்டுகொண்டனர்: நல்ல மருத்துவர்கள் வர முடியாதபடி விதிகள் கதவை அடைத்திருந்தன. குடிமைப் பணி ஆணையம் எதிர்த்தும், மருத்துவர்களையும் செவிலியர்களையும் நேரடியாக நியமிக்க வகை செய்யும் சட்டத்தில் 1946 ஜனவரி 3 அன்று ட்ரூமன் கையெழுத்திட்டார். அம்மாத இறுதியிலேயே, முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளை மருத்துவக் கல்லூரிகளுடன் இணைக்கும் கொள்கை ஆவணம் வெளியாயிற்று. நோயாளியின் நலனுக்குத் துறை பொறுப்பு. பயிற்சிக்குக் கல்லூரி பொறுப்பு. போரிலிருந்து திரும்பிய இளம் மருத்துவர்கள் பலர் உயர் பயிற்சிக்கு இடம் தேடிக்கொண்டிருந்த காலம் அது. பேராசிரியர்கள் வார்டுகளுக்குள் நடக்கத் தொடங்கினர்.

கோப்புகள் யாவும் வாஷிங்டனுக்கு வந்து தேங்குவதைத் தவிர்க்க 13 கிளை அலுவலகங்கள் திறக்கப்பட்டன. பணியின்போது நேர்ந்த பாதிப்புக்குச் சொந்த ஊர் மருத்துவரிடமே சிகிச்சை பெறவும், கட்டணத்தை அரசு செலுத்தவும் ஏற்பாடு செய்யப்பட்டது. படுக்கை காலியாகும் வரை காத்திருந்த ஒருவருக்கு இதன் பொருள் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை.

எதிர்ப்பு வந்த திசைதான் வியப்பானது. முன்னாள் வீரர்களின் மிகப்பெரிய அமைப்பான அமெரிக்கன் லீஜனின் தலைவர் ஜான் ஸ்டெல், 1946-இன் தொடக்கத்தில் பிராட்லியை நீக்கிவிட்டு அனுபவமிக்க தொழிலதிபர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்றார். தாமதங்களை அவர் சுட்டியது பொய்யல்ல. அவை அப்போதும் தீரவில்லை. ஆனால் தன் மாநிலமான இல்லினாயில் தான் விரும்பிய ஊருக்கு மருத்துவமனை கிடைக்காத கோபமும் அதில் கலந்திருந்ததை பிராட்லி தயங்காமல் வெளிப்படுத்தினார். ட்ரூமன் அவர் பக்கம் நின்றார்.

அவரைக் குறையற்றவராகக் காட்ட நான் முயலவில்லை. தென் மாநில மருத்துவமனைகளில் கருப்பின வீரர்களைத் தனி வார்டுகளில் வைக்கும் வழக்கம் அவர் காலத்திலும் நீடித்தது. 1950-களின் நடுவில்தான் துறை அதைக் கைவிட்டது. ஒரே சீருடையில் போரிட்டுத் திரும்பியவர்களுக்கு அது இழைத்த அவமானத்தை அவருடைய மற்றச் சாதனைகள் ஈடுசெய்துவிடா.

1947-இன் இறுதியில் விடைபெற்ற பிராட்லி, அடுத்த ஆண்டு ராணுவத் தலைமைத் தளபதி ஆனார், பின்னர் ஐந்து நட்சத்திரத் தளபதி ஆனார், 1981-இல் மறைந்தார். 1951-இல் வெளிவந்த அவருடைய போர் நினைவுநூல் ஜெர்மனி சரணடைந்ததோடு நின்றுவிடுகிறது. ஹாலிக்குப் பின் மருத்துவப் பொறுப்பேற்ற மேக்னசன் அதே 1951-இல், புதிய தலைமையுடன் முரண்பட்டுப் பதவி நீக்கப்பட்டார். கல்லூரி இணைப்பு மட்டும் நிலைத்தது. இன்றைய அமெரிக்க மருத்துவர்களில் பெரும்பாலோர் தம் பயிற்சியின் ஒரு பகுதியையேனும் இம்மருத்துவமனைகளில்தான் பெறுகின்றனர்.

ஆனால் காத்திருப்பு வேறு வடிவில் திரும்பியது. பதினான்கு நாள்களுக்குள் மருத்துவரைச் சந்திக்கச் செய்ய வேண்டும் என்று துறை இலக்கு வைத்தது. அதை எட்டியதாகக் காட்ட, ஃபீனிக்ஸ் நகர மருத்துவமனையில் உண்மையான காத்திருப்போர் பட்டியல் மறைக்கப்பட்டிருந்தது 2014-இல் அம்பலமாயிற்று. அப்போது துறையின் தலைவராக இருந்த எரிக் ஷின்செகியும் ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்தவர். வியட்நாம் போரில் காலில் காயமுற்றவர். தனக்கு வந்த அறிக்கைகளை நம்பிவிட்டதாக ஒப்புக்கொண்ட அவர், அவ்வாண்டு மே 30 அன்று பதவி விலகினார்.