கடல் காத்த மாவீரர் குஞ்ஞாலி மரைக்காயர்

மரைக்காயர் என்னும் பெயர் தமிழகக் கடற்கரை ஊர்களில் இன்றும் மதிப்புடன் வழங்கி வருகின்றது. கடலோடும் கப்பலோடும் பிணைந்த அப்பெயரை உலகறியச் செய்தவர்கள் மலபார்க் கரையின் குஞ்ஞாலி மரைக்காயர்கள் ஆவர். அவர்களுள் நான்காமவரும் இறுதியானவருமான முஹம்மது மரைக்காயரின் வரலாற்றை இம்மலரில் சுருக்கமாகக் காண்போம்.

மத்திய காலத்தில் கள்ளிக்கோட்டை மாபெரும் வணிகத் துறைமுகமாக விளங்கிற்று. மிளகு வாங்க அரபு நாட்டாரும் சீனரும் அங்கு வந்து குவிந்தனர். அந்நகரை ஆண்ட சாமூதிரி மன்னர்கள் முஸ்லிம்களுக்குப் பள்ளிவாசல்கள் அமைத்து வாழும் உரிமையை வழங்கிப் பேணினர். 1498-இல் வாஸ்கோட காமா வந்திறங்கியதோடு இவ்வமைதி குலைந்தது. 1502-இல் அவர் மீண்டும் வந்தபோது, மக்காவிலிருந்து திரும்பிய பயணக் கப்பலொன்றைப் பெண்கள், குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கானோருடன் கடலில் எரித்தார். அதன்பின் போர்த்துக்கீசியரிடம் அனுமதிச் சீட்டு பெறாத கப்பல்களுக்குக் கடலில் பாதுகாப்பு இல்லாமற் போயிற்று.

இக்கொடுமையை எதிர்க்கச் சாமூதிரி மன்னர் தம் கடற்படைத் தலைமையை மரைக்காயர்களிடம் ஒப்படைத்தார். குஞ்ஞாலி என்பது அத்தலைவர்கள் ஏற்ற பட்டப்பெயராகும். விரைந்து செல்லும் சிறு படகுகளைக் கொண்டு பெருங்கப்பல்களைச் சூழ்ந்து தாக்குவது அவர்தம் போர்முறை. 1538-இல் இராமேசுவரத்திற்கு அருகிலுள்ள வேதாளையில் மரைக்காயர் படை பெருந்தோல்வி கண்டது. ஆயினும் போராட்டம் ஓயவில்லை. 1571-இல் சாமூதிரியின் படைகள் சாலியத்திலிருந்த போர்த்துக்கீசியர் கோட்டையைக் கைப்பற்றித் தகர்த்தன. அதையடுத்து மூன்றாம் குஞ்ஞாலி, மன்னரின் இசைவுடன் புதுப்பட்டணத்தில் வலிமைமிக்க கோட்டையொன்றை எழுப்பினார்.

அவருடைய மருமகனான முஹம்மது மரைக்காயர் 1595-இல் நான்காம் குஞ்ஞாலியாகப் பொறுப்பேற்றார். கோட்டையை மேலும் வலுப்படுத்தினார். அவருடைய புகழ் வளர வளர, மன்னருக்கும் அவருக்கும் இடையே பிணக்கும் வளர்ந்தது. அவர் தம்மையே அரசராகக் கூறிக்கொள்கிறார் எனக் குற்றம் சாட்டப்பட்டது. தம் படைத்தலைவரின் ஆற்றலைக் கண்டு மன்னர் ஐயுற்றார். நூறாண்டுப் போரால் போர்த்துக்கீசியர் பெற முடியாததை இவ்வொரு மனவேற்றுமை அவர்களுக்குப் பெற்றுத் தந்தது. பகைவராயிருந்த மன்னரும் போர்த்துக்கீசியரும் குஞ்ஞாலிக்கு எதிராக உடன்படிக்கை செய்துகொண்டனர்.

1599-இல் இருபடையும் சேர்ந்து தாக்கியும் கோட்டை வீழவில்லை. போர்த்துக்கீசியர் பேரிழப்புடன் பின்வாங்கினர். மறு ஆண்டு பெரும்படையுடன் வந்த அந்திரே புர்த்தாதோ கடல்வழியை அடைக்க, மன்னரின் படை நிலவழியை அடைத்தது. உணவின்றி வாடிய தம் மக்களைக் காக்க, உயிருக்கு ஊறு நேராது என்ற மன்னரின் வாக்கை நம்பிக் குஞ்ஞாலி சரணடைய இசைந்தார். 1600 மார்ச் 16-இல் கோட்டையினின்றும் வெளியே வந்து, தம் வாளை மன்னரிடமே ஒப்படைத்தார். அந்நொடியே புர்த்தாதோ அவரைப் பற்றி இழுத்துச் சென்றார். அதைக் கண்டு மன்னரின் நாயர் வீரர்கள் கொதித்தெழுந்தனர் என்பதை நாம் மறக்கலாகாது. கொடுத்த வாக்கு மீறப்பட்டதை அவர்களாலும் பொறுக்க இயலவில்லை.

கோவாவில் குஞ்ஞாலியின் தலை துண்டிக்கப்பட்டது. உடல் கூறிடப்பட்டு மக்கள் காண வைக்கப்பட்டது. தலை உப்பிடப்பட்டுக் கண்ணனூருக்கு அனுப்பப்பட்டது. புதுப்பட்டணக் கோட்டை இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது.

இதனால் மன்னர் அடைந்த பயன்தான் என்ன? நான்கே ஆண்டுகளில், 1604-இல், போர்த்துக்கீசியரை விரட்ட டச்சுக்காரர்களுடன் உடன்படிக்கை செய்துகொள்ளும் நிலை அவருக்கு ஏற்பட்டது. சொந்தக் காவலரை இழந்த கரை, ஓர் அந்நியரை அகற்ற மற்றோர் அந்நியரை நாட வேண்டியதாயிற்று.

வடகரைக்கு அருகிலுள்ள இரிங்ஙலில் குஞ்ஞாலியின் நினைவு இல்லம் உள்ளது. இந்தியக் கடற்படையின் மும்பைத் தளமொன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளது. 2000-ஆம் ஆண்டில் அஞ்சல் தலையும் வெளியிடப்பட்டது. எனினும் அவரை நினைவுகூரும் முறை இவற்றோடு முடிந்துவிடுவதில்லை. இந்து மன்னரும் முஸ்லிம் தளபதியும் ஒருவரையொருவர் நம்பிய நாளெல்லாம் அக்கரை காக்கப்பட்டது. அந்நம்பிக்கை முறிந்தபோது கோட்டையும் வீழ்ந்தது. ஐயம் எழும்போது அதை உட்கார்ந்து பேசித் தீர்ப்பதும், கொடுத்த வாக்கைக் காப்பதும் ஊருக்கும் நாட்டுக்கும் அரணாகும் என்பதை இவ்வரலாற்றிலிருந்து நாம் உணர்வோமாக.